இருளிடத்தில் நிழற்படம்

படம் பிடிப்பதற்கு நல்ல வெயில் வேண்டும், சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கவேண்டும் என்பது முன்னாளில் பெட்டிக் காமிரா வைத்திருந்த குடும்பங்களில் வேதவாக்காக விளங்கியது. ஒரு சுருளுக்கு 12 படங்கள். அவற்றுள் ஒன்று வீணானாலும் வீட்டில் விசாரணை நடக்கும். ஆகவே மாலை மயங்கியதும் காமிராவை உறையிலிட்டு மூடிவிடுவதே விவேகம் என்று பலரும் எண்ணினர். இன்றோ கைபேசியிலேயே காமிரா அமைந்துவிட்டது; படத்துக்குச் செலவும் இல்லை; எத்துணை இருட்டானாலும் கருவி தானே முயன்று ஏதோ ஒரு படத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்தப் படம் ஏன் நாம் கண்ட காட்சியாக இருப்பதில்லை என்பதையும், படம் பிடித்தலைத் தொழிலாகக் கொள்ளாத நம்போன்றோர் சற்றுப் பொறுமையுடன் முயன்றால் இருண்ட இடங்களிலிருந்து எதனைக் கொண்டுவரலாம் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களுக்குச் சொற்களிடம் சிறிது நின்று பேசிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. காமிராவால் எடுக்கும் படத்துக்குப் புகைப்படம், ஒளிப்படம், நிழற்படம் என மூன்று பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. இவற்றுள் புகைப்படம் என்பதே மிகுதியாக வழங்கினும், நமக்கு நிழற்படம் என்பதில்தான் ஈடுபாடு. நிழல் என்னும் சொல் வெயில் படாத இடத்தை மட்டும் குறிப்பதன்று. நீரிலும் ஆடியிலும் தோன்றும் பிரதிபிம்பமும் நிழலே. பழைய இலக்கியத்தில் மணியிலிருந்து வீசும் ஒளியும் நிழல் எனப்பெறும். ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்களாகப் பிரிந்து நிற்கும் பொருள்கள் தமிழில் ஒரே கூரையின் கீழ்க் கூடி வாழ்கின்றன. இருண்டதோர் இடத்தில் காமிராவை நிறுத்திப் பார்ப்பவருக்கு இது வெறும் அகராதிச் செய்தியாகத் தோன்றாது. இருளும் பிரதிபிம்பமும் ஒளியும் அங்கே எவ்விடத்தில் பிரிகின்றன என்று கோடு போட்டுக் காட்ட இயலாது.

முதலில் நம் கண்ணுக்கும் காமிராவுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்துகொள்ள வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால் தொடக்கத்தில் ஒன்றும் புலப்படுவதில்லை. கண்மணி விரிவதற்குச் சில விநாடிகள் போதும். ஆனால் விழித்திரை இருளுக்கு முற்றிலும் பழகிக்கொள்ள அரைமணி நேரம் வரை ஆகிறது. அதன்பின் தூணும் சுவரும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகின்றன. எனினும், கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு மங்கலான மூலையை மணிக்கணக்காக உற்று நோக்கினாலும் அது மேலும் பிரகாசமாவதில்லை. காமிராவோ, வந்த ஒளியை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றும் சுவரையும் 30 விநாடி திறந்திருக்கும் லென்சு பகல்போல் எழுதிவிடும். இருளிடத்தில் படமெடுப்பவரின் சக்தியும் இதுவே. அவருக்கு வரும் சோதனையும் இதுவே.

சோதனை என்று ஏன் சொல்கிறோம் எனில், காமிராவின் உள்ளே இருக்கும் ஒளிமானிக்கு இருள் என்பது தெரியாது. எதிரே உள்ள காட்சி முழுவதும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று வைத்துக்கொண்டே அது கணக்கிடுகிறது. பொதுவான பகற்காட்சிக்கு இக்கணக்கு பொருந்தும். கரிய குகை ஒன்றின் நடுவே ஒரு சிறு விளக்கு எரிகிறது என்றால், ஒளிமானி குகையைச் சாம்பல் நிறமாக்க முனைந்து, விளக்கை வெள்ளைப் புள்ளியாக எரித்துவிடும். கைபேசியின் இரவு முறை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பல குறுகிய படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இருட்டைக் குறையாகக் கருதி நீக்கிவிடுகிறது. நள்ளிரவுத் தெரு, மேகம் கவிந்த பிற்பகல்போல் வந்து நிற்கும். வியக்கத்தக்க கணிதந்தான், ஆயினும் நாம் நின்ற இடம் அதுவன்று. இருளிடத்தில் இருளும் காட்சியின் ஒரு பகுதி. அதனை எவ்வளவு இருக்கவிடுவது என்பதைக் கருவியிடம் விடாமல் நாமே தீர்மானிக்கவேண்டும். ஒளிமானி சொல்லும் அளவிலிருந்து ஒன்று அல்லது இரண்டு படி குறைத்து எடுத்தால் பெரும்பாலும் காட்சி தன் இயல்புக்குத் திரும்பும்.

படி என்றால் என்ன என்று கேட்கலாம். ஒளியை இரட்டிப்பதும் பாதியாக்குவதும் ஒவ்வொரு படி. லென்சின் துவாரத்தை 4 என்ற எண்ணிலிருந்து 5.6-க்கு மாற்றினால் ஒளி பாதியாகும். 8-க்கு மாற்றினால் கால்பங்காகும். திறந்திருக்கும் நேரத்தை 1 விநாடியிலிருந்து 2 விநாடியாக்கினால் ஒளி இரட்டிக்கும். உணர்திறன் எண்ணை 100-இலிருந்து 200 ஆக்குவதும் ஒரு படியே. இம்மூன்றில் உணர்திறனை மிகவும் உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் மலியும். துவாரத்தை மிகவும் விரித்தால் அருகுள்ளதும் தொலைவுள்ளதும் ஒருங்கே தெளிவாக அமையா. ஆகவே அசையாத பொருளை எடுக்கையில் நேரத்தையே தாராளமாகச் செலவிடலாம் என்பது நம் கருத்து. அவகாசமுள்ள அமெச்சூருக்கு மலிவாகக் கிடைக்கும் செல்வம் அது ஒன்றுதானே! பிலிமில் எடுப்போர் மட்டும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: 1 விநாடிக்கு மேற்பட்ட நேரங்களில் பிலிமின் உணர்ச்சி மந்தமாகிவிடுமாதலால், கணக்கிட்டதைவிடக் கூடுதலாகவே திறந்து வைக்கவேண்டும்.

1860களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து நிலவறைகளில் மின்விளக்கு அமைத்துப் படமெடுத்த நாதார் என்பவர், சில படங்களுக்கு 18 நிமிடம் வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தனை நேரம் ஆடாமல் நிற்க மனிதரால் ஆகாது என்று, தொழிலாளர் இருக்கவேண்டிய இடத்தில் உடையணிந்த பொம்மைகளை நிறுத்தினார். நமக்கு அவ்வளவு பாடு இல்லை. காமிரா அசையாதிருந்தால் போதும். முக்காலி சிறந்ததே. ஆனால் தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன்னனுமதி பெறவேண்டும். அதற்கு மாற்றாக, ஒரு துணிப்பையில் அரைப்படி அரிசியோ துவரம்பருப்போ நிரப்பி வாயைத் தைத்துவிட்டால், எந்தக் கல்திண்ணையிலும் காமிரா அதன்மேல் அடங்கி உட்கார்ந்துகொள்ளும். பொத்தானை விரலால் அழுத்தும் அதிர்ச்சியும் ஆகாதாகையால், சில விநாடி கழித்துத் தானே இயங்கும் அமைப்பைப் பயன்படுத்துவது நன்று.

இனி நீரைப் பார்ப்போம். புதுதில்லியில் ராஜ்பத் என்று வழங்கி, 2022-இல் கர்த்தவ்ய பத் எனப் பெயர் மாறிய சாலையின் இருமருங்கும் நீண்ட நீர்வாய்க்கால்கள் உள்ளன. அலுவலகம் விட்டதும் நாங்கள் சிலர் அவ்விடம் சென்று பழகுவதுண்டு. இதற்கு உகந்த வேளை ஒன்று இருக்கிறது: சூரியன் மறைந்து 20 நிமிடம் கழித்துத் தொடங்கி ஏறக்குறைய கால்மணி நேரம். அப்போது வானத்தின் நீலமும் விளக்குகளின் மஞ்சளும் தராசில் நிறுத்தாற்போல் சமமாக நிற்கும். அதற்கு முன்னால் விளக்கு எடுபடாது. அதற்குப் பின்னால் வானம் கறுத்து, கட்டடங்கள் அந்தரத்தில் தொங்குவனபோல் ஆகிவிடும். ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் படைகள் பாசறை திரும்பும் விழா முடிகையில் ராஷ்டிரபதி பவனமும் செயலகக் கட்டடங்களும் ஒருங்கே விளக்கொளி பெறுவது ஏறக்குறைய இந்த வேளையில்தான். வந்தவர் அனைவரும் காமிராவை உயரத் தூக்கிப் பிடிப்பர். பிரதிபிம்பத்தை நாடுவோர் வாய்க்கால்களிலோ மழைநீர் தேங்கிய இடங்களிலோ காமிராவைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

தாழ்த்துவதற்குக் காரணம் உண்டு. நீரை நேர்மேலிருந்து நோக்கினால், அதன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கே திரும்பி வருகிறது. நம் பார்வை நீர்ப்பரப்புடன் 10 பாகை கோணம் மட்டும் அமையும்படி தாழ்ந்துவிட்டால், நூற்றுக்கு 35 பங்கு அளவுக்குத் திரும்பி வருகிறது. நின்றுகொண்டு பார்க்கையில் சேறாகத் தெரிந்த குட்டை, குந்தி உட்கார்ந்து பார்த்தால் கண்ணாடியாகிவிடுவது இதனாலேயே. அப்போதுங்கூட நீரில் காணும் விளக்கு, மேலே உள்ள விளக்கைவிட மங்கலாகவே இருக்கும். இரண்டும் ஒரே பிரகாசமாக அமைந்த படம் ஒன்றைக் கண்டால் அதில் கைவேலை இருக்கிறது என்று ஐயுறலாம். காற்றில் நீர் சிலிர்த்தால் ஒவ்வொரு விளக்கின் பிம்பமும் நம்மை நோக்கி நீண்ட ஒளித்தூணாக இழுபடும். 15 அல்லது 20 விநாடி திறந்துவைத்தால் சிற்றலைகள் ஒன்றோடொன்று கலந்து அத்தூண்கள் பட்டுத்துணிபோல் வழவழப்பாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கண்ணாடியின் கூசொளியைத் தடுக்க லென்சின் முன் மாட்டும் துருவமுறு வடிகட்டி ஒன்று கடைகளில் விற்கிறது. பகலில் பயனுள்ள சாதனமே. ஆனால் நீர்ப்பரப்போடு 37 பாகை அளவில் நோக்கும்போது, அதனைத் திருப்பும் பக்கத்தைப் பொறுத்து, நீரின் பிரதிபிம்பத்தை அது ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். சர் சி. வி. ராமன் 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில் இதே உத்தியைக் கையாண்டு, நீர்மேல் பட்டு வரும் வானொளியை ஒரு நிக்கல் பட்டகத்தால் நீக்கிப் பார்த்தார். அப்பொழுதும் கடலின் நீலம் போகவில்லை. அந்நீலம் வெறும் வானத்தின் நிழலன்று என்பது அவருக்குப் புலனாயிற்று. அவர் நிழலை நீக்கி உண்மையைத் தேடினார். நமக்கு நிழலே வேண்டியிருப்பதால், வடிகட்டியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வோம்.

நீர் அசையும், காற்றுக்கு அஞ்சவேண்டும். அசையாத கண்ணாடியாகக் கல்லையே ஆக்கி வைத்த இடம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. பீகார் மாநிலத்தில், கயைக்கு வடக்கே, ஜெஹானாபாத் மாவட்டத்துப் பராபர் மலைக்குகைகளே அவை. கருங்கல்லைக் குடைந்து உட்சுவர்களைப் பளிங்குபோல் மெருகேற்றியிருக்கிறார்கள். அசோகர் தம் 12-ஆம் ஆட்சியாண்டில் சுதாமா குகையையும் விசுவகர்மா குகையையும் ஆசீவகத் துறவியருக்கு அளித்தார் என அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன; கர்ண சௌபர் என்னும் குகையின் கல்வெட்டு 19-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நம் மணிமேகலையில் சமயக் கணக்கருள் ஒருவராக வந்து தம் கொள்கையை எடுத்துரைக்கும் ஆசீவகரைப் படித்தவர்களுக்கு இது முற்றிலும் அயலார் வீடாகத் தோன்றாது. 2200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த மெருகு மங்கவில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் 1924-இல் வெளியிட்ட இந்தியக் கதையில் வரும் குகைகளுக்கு இவையே முன்மாதிரி. ஒரு தீக்குச்சியின் சுடரும் சுவருக்குள் தெரியும் அதன் பிம்பமும் அங்கே பெரிதாகப் பேசப்படுகின்றன. முழக்கமும் அவ்வாறே: உள்ளே ஒரு சொல் சொன்னால் பல விநாடி நேரம் அது சுவரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

லோமச ரிஷி குகையின் வாயிலில் யானை வரிசை செதுக்கிய வளைவு இருப்பதால், படமெடுப்போர் அதனோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகின்றனர். உள்ளே அதன் வேலை முற்றுப்பெறவில்லை. ஒளியை நாடுவோர் பக்கத்திலுள்ள சுதாமாவுக்குள் நுழையவேண்டும். ஏறக்குறைய 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட, மேலே வில்போல் வளைந்த கூடம். அதன் ஓர் ஓரத்தில் வட்டமான உள்ளறை. வெளிச்சம் வருவதற்கு வாயில் ஒன்றே. நாங்கள் ஒரு டிசம்பர் மாதத்தில் அங்குச் சென்றபோது எல்லோர் கையிலும் டார்ச் விளக்கு இருந்தது. எங்களுடன் வந்த காவலாளி, "விளக்கை அணைத்துவிட்டுச் சற்று உட்காருங்கள், பாபுஜி; குகை தானே தெரியும்" என்றார். கால்மணி நேரத்தில் அவர் சொன்னபடியே ஆயிற்று. முதலில் தரையில் கிடந்த வெயில், அப்புறம் அவ்வெயிலின் நிழல் எதிர்ச்சுவரில், அதன்பின் அச்சுவரின் நிழல் கூரையின் வளைவில் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக ஒளி ஏறிச்சென்றது.

சுதாமாவின் வாயில் தெற்கு நோக்கியது. ஆகவே சூரியன் தெற்கே தாழ்ந்து செல்லும் குளிர்காலத்து நண்பகலில் வெயில் உள்ளே கூடுதலாக எட்டும். கோடையில் அது உச்சியிலேயே நின்றுவிடும். மலையின் வடபுறத்துக் கர்ண சௌபரில் நேர்வெயில் வரும் வாய்ப்புக் குறைவு. வானொளி மட்டும் சீராக வரும். முன்னதில் நாடகம், பின்னதில் அமைதி. வெயில் வாயிற்படியோடு நின்றுவிட்ட வேளையில், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை வெயில் படும் இடத்தில் விரித்துப் பாருங்கள். கூடம் முழுவதும் ஒரு படி வெளுக்கும். விளக்கு எதுவும் கொண்டுசெல்லாமல் பெறுகின்ற வெளிச்சம் இது.

அங்கே பிளாஷ் விளக்கு உதவாது. மெருகேறிய சுவர் அதனை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால், சுவரின் நடுவே ஒரு வெள்ளை வெடிப்பும் சுற்றிலும் கறுப்பும் மட்டுமே இருக்கும். குகையைப் படமெடுத்ததாக எண்ணி நம் விளக்கைப் படமெடுத்துக்கொண்டு வந்திருப்போம். சுவரை நேருக்கு நேர் நோக்கி நிற்பதிலும் பயனில்லை. நீருக்குச் சொன்ன விதியே கல்லுக்கும் பொருந்தும்: நேரே பார்த்தால் பிம்பம் மங்கல், சுவரோடு சுவராக ஒட்டி நின்று அதன் நீளவாட்டில் பார்வையைச் செலுத்தினால் வாயிலின் ஒளி முழுவதும் அதில் தெளிவாகத் தோன்றும். கையோ தோளோ சுவரில் படாமல் நிற்கவேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது. வியர்வைக் கறை மெருகுக்குப் பகை. நாவலில் தீக்குச்சி கிழித்ததை நினைத்து நாமும் மெழுகுவத்தி ஏற்றலாகாது. புகை படிந்த கல்லைத் துடைப்பது எளிதன்று. ஒரு படத்தின்பொருட்டு அப்பழுக்கை விட்டுவர நமக்கு உரிமை ஏது? பிம்பத்தை ஆராய வேண்டுமானால் மங்கலான ஒரு பேட்டரி விளக்கு போதும்.

லென்சின் தூரத்தை எப்படி அமைப்பது என்பதில்தான் புதியவர்கள் மயங்குவர். காமிராவுக்கும் சுவருக்கும் 4 மீட்டர், விளக்குக்கும் சுவருக்கும் 2 மீட்டர் என்று கொள்வோம். பிம்பம் சுவரின்மேல் ஒட்டியிருப்பதன்று; சுவருக்கு அப்பால் 2 மீட்டர் உள்ளே நிற்பது. ஆகவே லென்சை 6 மீட்டருக்கு அமைத்தால் பிம்பம் கூர்மையாகும். கல்லின் மெருகும் புள்ளிகளும் மங்கிவிடும். 4 மீட்டருக்கு அமைத்தால் கல் தெளிவாகும். சுடர் உருண்டையாகக் கலங்கும். இரண்டும் வேண்டுமெனில் துவாரத்தை 8-க்கோ 11-க்கோ சுருக்கி, இழந்த ஒளிக்கு நேரத்தை ஈடாகக் கொடுக்கவேண்டும். எங்களுக்கு அன்று உணர்திறன் 100, துவாரம் 8 என்ற அளவுகளில் 8 விநாடி, 15 விநாடி, 30 விநாடி என ஒரே காட்சியை மும்முறை எடுத்துக்கொள்வது பழக்கமாயிற்று. எட்டு விநாடிப் படத்தில் வாயிலும் அதன் நிழலும் தவிர ஏதுமில்லை. முப்பதில் கூரையின் உளிவேலை வரை எல்லாம் தெரிந்தது. காவலாளியிடம் மூன்றையும் காட்டியபோது அவர் பதினைந்து விநாடிப் படத்தைத்தான் தம் குகை என்று ஒப்புக்கொண்டார்.

அஜந்தாவிலும் இதே நிலைதான், ஆனால் அங்குச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஓவியங்களின் நலங்கருதிப் பிளாஷ் விளக்கு தடைசெய்யப்பட்டுள்ளது. அவ்வோவியங்களைப் பிரதி செய்யும் பணியில் 1844 முதல் ஈடுபட்ட ராபர்ட் கில் என்பவர் தீட்டிய பிரதிகளில் பெரும்பாலானவை 1866-இல் இலண்டனின் கிரிஸ்டல் மாளிகைத் தீவிபத்தில் அழிந்துபோயின. மூலம் இருக்கும்வரை மீண்டும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். மூலமே மங்கிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இருந்த இடத்தில் இருக்கும் ஒளியைக்கொண்டு படமெடுக்கப் பழகியவருக்கு இந்தத் தடை ஒரு தடையாகவே தோன்றாது.

கடைசியாக அச்சிடும் விஷயம். கடைகளிலுள்ள அச்சு இயந்திரங்களும் நம் காமிராவின் ஒளிமானியைப் போன்றவையே. இருண்ட படத்தைக் கண்டவுடன் அதைத் தேற்றப் பார்க்கும். படத்தைக் கொடுக்கும்போதே, திருத்தம் எதுவும் வேண்டா, உள்ளபடியே அச்சிடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லி, முதலில் சிறிய அளவில் ஒரு பிரதி போட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். அதையும் கடையின் குழல்விளக்குக்கு அடியில் பாராமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. கறுப்பு கறுப்பாகவே இருந்தால் பெரிய பிரதிக்குப் பணம் கட்டலாம்.